சொல்வது ஒன்று, சொல்ல வருவது வேறு: ஆங்கில வகுப்பில் இலங்கையும் தமிழகமும்

மால்குடியில் இனிப்புக்கடை நடத்தும் ஜகன் ஒரு காந்தியவாதி. கதர் உடுத்துவார், ராட்டையில் நூல் நூற்பார், கடையில் உட்கார்ந்து கீதை படிப்பார். உப்பை விட்டவர், சர்க்கரையையும் விட்டவர். நாக்கை வென்றால் தன்னையே வென்றதுபோல என்று உறவுக்காரருக்கு உபதேசம் செய்வார். பின்கட்டில் நெய்யிலும் பாகிலும் பலகாரம் தயாராகிக்கொண்டிருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் கல்லாவில் விழும் காசு கணக்குப் புத்தகத்தில் ஏறாது. அது தனியாக வீட்டுக்குப் போய்விடும். 1967-இல் வெளிவந்த ‘தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்’ நாவலில் ஆர்.கே. நாராயண் இந்த மனிதரை வேடதாரி என்று திட்டவில்லை. பிரியத்தோடுதான் விவரித்துக்கொண்டு போகிறார். சிரிப்பு வாசகருக்குத் தானாக வருகிறது.

நாராயண் சென்னையில் பிறந்தவர். ஆனால் அவருடைய ஜகனைப் பாடப்புத்தக வழியாகச் சந்தித்தவர்கள் இலங்கைப் பிள்ளைகள். தரம் 11 முடிவில் எழுதும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கில இலக்கிய நயத்துக்குரிய தெரிவு நாவல்களில் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடிக்கும் அரசுப் பள்ளி மாணவருக்கு ஜகனைத் தெரியாது. பதிலாக அவருக்கு அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் தர்பரையும் பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதேயையும் தெரியும். அவர்களும் சொல்லாமல் சொல்வதில் கைதேர்ந்தவர்கள்தான்.

ஒரு வாக்கியம் நேராகப் பேசுகிறதா, எள்ளுகிறதா, ஆளை மயக்கப் பார்க்கிறதா என்று கண்டுகொள்வது ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குள் பிடிபட வேண்டிய திறமை. முரண்நகை, வாதத் திறன், தொனி என்று அதைப் பிரித்துச் சொல்வார்கள். பாக் நீரிணையின் இரு பக்கமும் ஆங்கில வகுப்பில் இதைக் கற்பிக்கத்தான் செய்கிறார்கள். யாருக்குக் கற்பிக்கிறார்கள், எதை வைத்துக் கற்பிக்கிறார்கள், பரீட்சையில் என்ன கேட்கிறார்கள் என்ற மூன்றிலும்தான் வேறுபாடு.

கட்டாயமும் தெரிவும்

இலங்கையில் ஆங்கிலம் இரண்டு பாடங்களாக நிற்கிறது. முதலாவது எல்லாரும் படிக்கும் ஆங்கிலம். 1987-இன் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. பாடநூலும் அந்த நோக்கத்தோடுதான் நடக்கிறது. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்ற நான்கு திறன்களை வளர்ப்பதே குறி. ஒரு அறிவித்தல் எழுத வேண்டும், படத்தைப் பார்த்து விவரிக்க வேண்டும், கடிதம் எழுத வேண்டும். 2009-இல் அரசு ஆங்கிலத்தைப் பரப்பப் பெரிய இயக்கமொன்றைத் தொடங்கியபோது, அதன் பயிற்றுநர்கள் ஹைதராபாத்தில் உள்ள ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்றார்கள். பிழை வந்தாலும் கூச்சமில்லாமல் பேச வைக்க வேண்டும் என்பதே அந்த இயக்கத்தின் மையம். அது நியாயமான நோக்கம். ஆனால் அதில் முரண்நகைக்கு இடமில்லை.

இரண்டாவது, தரம் 10, 11-இல் வரும் ஆங்கில இலக்கிய நயம். இது விருப்பப் பாடம். சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் இருக்கும் அதே தொகுதியில் இதுவும் இருக்கிறது. சித்திரம் எடுத்த பிள்ளைக்கு ஜகன் கிடையாது. ஆங்கில ஆசிரியருக்கே தட்டுப்பாடான தோட்டப்புற, கிராமப்புறப் பாடசாலைகளில் இந்தப் பாடத்தை நடத்த ஆள் கிடைப்பதே அரிது. ஆகவே அருமையான நூற்பட்டியல் இருந்தும், அது கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் போன்ற நகரங்களின் பெரிய பாடசாலைகளில்தான் அதிகம் வாசிக்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் கதை தலைகீழ். மாநிலப் பாடத்திட்டத்தில் ஆங்கிலம் இரண்டாகப் பிரியாமல் ஒரே பாடமாக நிற்கிறது. உரைநடை, செய்யுள், துணைப்பாடம், இலக்கணம் எல்லாம் அதற்குள் அடக்கம். 2019-இல் வந்த பத்தாம் வகுப்பு நூலில் தர்பரின் பேய்க் கதையும் தோதேயின் ‘கடைசிப் பாடம்’ கதையும் உண்டு. கூடலூர் மலைப்பள்ளி மாணவிக்கும் மயிலாப்பூர் மாணவிக்கும் அதே பக்கங்கள்தான். சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும் அப்படித்தான். ஏழாம் வகுப்பில் பல ஆண்டுகள் இருந்த ‘ஹனிகோம்ப்’ நூலில் வசந்தா சூர்யா எழுதிய செருப்புக் கதை ஒன்று உண்டு. வெறுங்காலோடு வந்த பிச்சைக்காரர் மேல் இரக்கப்பட்டுப் பிள்ளைகள் பாட்டு வாத்தியாரின் செருப்பைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். ஊரார் பொருளில் செய்த தர்மம் அது. ருக்கு மன்னி கடைசியில் வீட்டுக்காரரின் செருப்பை எடுத்து வாத்தியாருக்குக் கொடுத்துச் சமாளிக்கிறாள். அந்தக் கதையில் வரும் பூனைக்குட்டிக்கு மகேந்திரவர்ம பல்லவப் பூனை என்று பெயர். தமிழ் வீட்டுக் குறும்பை ஆங்கிலத்தில் ரசிக்க இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. இப்போது அந்த நூலின் இடத்தில் ‘பூர்வி’ என்ற புதிய பாடநூல் வந்துவிட்டது.

சுருக்கமாகச் சொன்னால், இலங்கை சிலருக்கு ஆழமாகக் கொடுக்கிறது. தமிழகம் எல்லாருக்கும் மேலோட்டமாகக் கொடுக்கிறது.

எள்ளலை எப்படிக் கேட்கிறார்கள்?

இலங்கையின் இலக்கிய நயப் பட்டியலைப் பார்த்தால், முரண்நகைக்கென்றே பொறுக்கி எடுத்தார்களோ என்று தோன்றும். ஸ்டீபன் கிரேன் 1899-இல் வெளியிட்ட ‘வார் இஸ் கைண்ட்’ கவிதை, காதலனைப் பறிகொடுத்த பெண்ணையும் தகப்பனை இழந்த குழந்தையையும் பார்த்துப் போர் கருணையானது, அழாதே என்கிறது. சொல் ஒரு பக்கம் போகிறது, பொருள் எதிர்ப்பக்கம் நிற்கிறது. மூன்று தசாப்தப் போரைப் பார்த்த நாட்டில், வன்னியில் ஒரு வகுப்பறையில் இதற்கு அருஞ்சொல்விளக்கம் தேவைப்படாது.

யஸ்மின் குணரத்னவின் ‘பிக் மேட்ச் 1983’ இன்னும் கூர்மையானது. இலங்கையில் பெரிய மேட்ச் என்றால் கல்லூரிகளுக்கிடையிலான கிரிக்கெட் போட்டி. கொழும்பில் ரோயல் – தோமியன், யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸுக்கும் நடக்கும் வடக்கின் பெருஞ்சமர். கொண்டாட்டத்துக்குரிய அந்தப் பெயரை 1983 ஜூலை இனக்கலவரத்தின் மேல் சூட்டுகிறது கவிதை. தலைப்பிலேயே கத்தி இருக்கிறது. அது புரியாமல் கவிதைக்குள் நுழைய முடியாது.

அதே பட்டியலில் உள்ள ஆங்கில எழுத்தாளர் சாகியின் ‘தி லம்பர் ரூம்’ கதையில் நிக்கலஸ் என்ற சிறுவன் அத்தைக்குப் போக்குக் காட்டுவான். அவனுக்குத் தோட்டத்துக்குள் போகும் எண்ணமே கிடையாது. ஆனால் போகத் துடிப்பதுபோலக் கதவுப் பக்கம் நடமாடுவான். அத்தை வேறு வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குக் காவல் இருப்பாள்; அவன் சாவியை எடுத்துக்கொண்டு பூட்டிக் கிடக்கும் அறைக்குள் போய்விடுவான். பிறகு அத்தை மழைநீர்த் தொட்டிக்குள் விழுந்து உதவிக்குக் கூப்பிடுவாள். தேநீருக்கு ஸ்ட்ராபெரி ஜாம் உண்டா என்று கேட்பான். உண்டு என்பாள். வீட்டில் ஜாம் இல்லை என்று முன்பு சொன்னவள் அத்தை. இப்போது உண்டு என்கிற குரல் சாத்தானுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அவன் நடையைக் கட்டுவான். அத்தையின் பொய்யை வைத்தே அத்தையை மடக்குகிறான். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைவிட இனிமையான தர்க்கப் பயிற்சி உண்டா?

தமிழகப் பாடநூலிலும் சரக்குக் குறைவில்லை. தர்பரின் கதையில் நள்ளிரவில் வீட்டுக்குள் காலடிச் சத்தம் கேட்கிறது. அம்மா அடுத்த வீட்டுக்காரரை எழுப்ப அவருடைய ஜன்னல் கண்ணாடியை நோக்கிச் செருப்பை வீசுகிறாள். கண்ணாடி நொறுங்குகிறது. காரியம் முடிந்தது. ஆனால் அம்மாவுக்கு அந்த வீச்சு ரொம்பப் பிடித்துப்போய், இன்னொரு செருப்பையும் எடுக்கிறாள். தர்பர் இதைச் சிரிக்காமல், நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவர்போலச் சொல்கிறார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஊரைச் சிரிக்கவைக்கும் அந்தக் குரல்தான் தொனி.

ஆனால் வகுப்பில் நடப்பது என்ன? சத்தம் கேட்டபோது கதைசொல்லி எங்கே இருந்தான், அம்மா ஏன் செருப்பை வீசினாள் என்ற புக்-பேக் கேள்விகளுக்கு இரண்டு மதிப்பெண் விடை. கைடில் இருப்பதை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண். இரண்டாவது செருப்பு ஏன் வேடிக்கையாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. செய்யுளில் அணி நயம் கேட்கப்படுகிறது. அதற்கு மாணவர்கள் எந்த வரிக்கு எந்த அணி என்ற அட்டவணையை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

இந்தியாவிலேயே சி.பி.எஸ்.இ. ஒரு படி முன்னால் போயிருக்கிறது. பத்தாம் வகுப்பு ‘ஃபர்ஸ்ட் ஃப்ளைட்’ நூலின் முதல் பாடம், கடவுளுக்குக் கடிதம் எழுதும் லென்சோவின் கதை. ஆலங்கட்டி மழையில் பயிரை இழந்தவன் நூறு பெசோ கேட்டுக் கடவுளுக்கு எழுதுகிறான். அஞ்சலக ஊழியர்கள் மனமிரங்கித் தங்களுக்குள் வசூலித்து எழுபது பெசோ அனுப்புகிறார்கள். மீதி முப்பதை அஞ்சலகத் திருடர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று லென்சோ மறுபடியும் கடவுளுக்கே புகார் எழுதுகிறான். பாடத்தின் கீழே உள்ள பயிற்சி, இதில் முரண்நகை எது என்று நேராகக் கேட்கிறது. முரண்நகை என்றால் என்ன என்ற விளக்கத்தையும் அடைப்புக்குறிக்குள் தருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு நூலிலோ ‘கடைசிப் பாடம்’ கதையின் ஒரு கேள்விக்கு, ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருக்கலாம் என்று குறிப்பே கொடுத்திருக்கிறார்கள். விடைக்குறிப்பை வேதமாக எண்ணும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

இலங்கையின் இலக்கிய நய வினாத்தாள் ஒரு பகுதியைக் கொடுத்துப் பேசுபவர் யார், மனநிலை என்ன, எழுத்தாளர் கையாளும் உத்தி என்ன என்று தோண்டுகிறது. விரிவான கட்டுரை விடையும் எழுத வேண்டும். கேள்வி நல்லதுதான். ஆனால் டியூட்டரிக் குறிப்புகளும் கடந்தகால வினாத்தாள் விடைகளும் அதைச் சுற்றி வளர்ந்துவிட்டன. கிரேன் எதற்காகக் கருணை என்கிறான் என்று யோசிக்கும் முன்பே, இதில் முரண்நகை உள்ளது என்ற தயார் வாக்கியம் பிள்ளையின் கொப்பிக்குள் போய்விடுகிறது.

மனத்தை வளைக்கும் கலை

வாதம் கேட்பவரை மூன்று வழியில் பிடிக்கும் என்றார் அரிஸ்டாட்டில்: பேசுகிறவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்பவருக்குள் எழும் உணர்ச்சி, காரணகாரியப் பொருத்தம். இந்த மூன்றையும் காட்ட இரு நாட்டு நூல்களிலும் ஒவ்வொரு தங்கமான உதாரணம் இருக்கிறது.

இலங்கையில் அது கிரிக்கெட் வீரர் குமார் சங்கக்கார. 2011 ஜூலையில் லோர்ட்ஸ் மைதானத்தில் அவர் ஆற்றிய கௌட்ரி நினைவுரையின் ஒரு பகுதி, லாகூர் தாக்குதலைப் பற்றியது, இலக்கிய நயப் பட்டியலில் இருக்கிறது. 2009 மார்ச் 3 காலை. இலங்கை அணியின் பேருந்து மைதானத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஆடுகளம் பந்துவீச்சுக்கு உதவாத வெறும் தரை. சலித்துப்போன வேகப்பந்து வீச்சாளர் ஒருவர், ஒரு குண்டு வெடித்தால் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாமே என்று பகிடி விடுகிறார். அரை நிமிடம்கூட ஆகவில்லை, துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. சங்கக்கார இதைக் கண்ணீரோடு சொல்லவில்லை, அடங்கிய குரலில் சொல்கிறார். அந்த அடக்கமே அவர் மேல் நம்பிக்கையைக் கூட்டுகிறது. அந்த நம்பிக்கையைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் அதே உரையில் தன் நாட்டுக் கிரிக்கெட் நிர்வாகத்தை அவர் கடுமையாக விமர்சிக்கிறார்.

தமிழகத்தில் அது தோதேயின் ஹாமெல் வாத்தியார். பிரஷ்யா வென்ற அல்சேஸ் பகுதியில் நாளை முதல் பிரெஞ்சு கூடாது என்று பெர்லினிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. கடைசி வகுப்பில் ஹாமெல் பிள்ளைகளைக் குறை சொல்கிறார், வயலுக்கும் ஆலைக்கும் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரைக் குறை சொல்கிறார், பிறகு தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்: பாடம் எடுக்காமல் உங்களைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பினேனே! அந்த ஒரு ஒப்புதலுக்குப் பிறகு அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் உள்ளே இறங்குகிறது. தாய்மொழியைப் பறிகொடுக்கும் கதையை, 1938-லும் 1965-லும் மொழிப் போராட்டம் கண்ட மாநிலத்தின் பிள்ளைகள், ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். இந்த முரணை வகுப்பில் பேசினால் ஒரு பாடவேளை போதாது. பேசுவதற்குத்தான் நேரமில்லை, போர்ஷன் முடிக்க வேண்டும்.

எழுத்துப் பயிற்சியிலும் இதே நிலைதான். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வில் குறிப்புகளைக் கொண்டு கவர்ச்சியான விளம்பரம் தயாரிக்கச் சொல்லும் ஐந்து மதிப்பெண் வினா உண்டு. பெட்டி போடு, கடைப் பெயரைப் பெரிதாக எழுது, தள்ளுபடியை நடுவில் எழுது, கீழே முகவரி எழுது என்று அதற்கு ஒரு வாய்ப்பாடு வந்துவிட்டது. இந்த விளம்பரம் யாரைக் குறிவைக்கிறது, எதைச் சொல்லாமல் மறைக்கிறது என்று திருப்பிக் கேட்டால் அதே வினா அற்புதமான பாடமாகிவிடும். இலங்கையில் சாதாரண தர ஆங்கிலத் தாளில் பேச்சு எழுதும் வினா வரும். ஆங்கில தினப் போட்டிகளில் பேச்சுப் பிரிவு உண்டு. பாடசாலையில் தொடங்கி வலயம், மாகாணம், தேசிய மட்டம் என்று ஏறிப் போகும். மேடையேறும் பிள்ளை பேசுவது பெரும்பாலும் ஆசிரியர் எழுதிக் கொடுத்ததைத்தான். எந்த வரியில் கையை உயர்த்துவது என்பதும் அதில் அடக்கம். தமிழ்நாட்டுப் பேச்சுப் போட்டிகளும் இதற்கு விலக்கல்ல.

வீட்டில் தெரிந்தது வகுப்பில் தெரியவில்லை

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆங்கில வகுப்பில் தொனி புரியாமல் விழிக்கும் அதே பிள்ளைக்கு வீட்டில் அது அத்துப்படி. எட்டு மணிக்குப் படுக்கையை விட்டு எழுந்தால், ‘வாங்க துரை, இப்பத்தான் விடிஞ்சுதா?’ என்று மதுரையில் அம்மா கேட்பாள். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா, ‘தம்பிக்கு இப்பதானோ விடிஞ்சது? நல்ல கெட்டிக்காரன்!’ என்பார். துரை என்பது மரியாதையில்லை, கெட்டிக்காரன் என்பது பாராட்டில்லை என்று ஐந்து வயதிலேயே தெரியும். யாரும் வரைவிலக்கணம் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஏட்டிலும் தமிழுக்குப் பஞ்சமில்லை. தொல்காப்பியம் அங்கதத்துக்கு இலக்கணம் சொல்கிறது. கயவர்களைத் தேவர்களோடு ஒப்பிடும் குறள் வஞ்சப்புகழ்ச்சிக்கு வகுப்பறை உதாரணம். இருவரும் நினைத்தபடி நடப்பவர்களாம். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவையின் புறநானூற்றுப் பாட்டில் இந்தக் கட்டுரை பேசும் முரண்நகை, வாதம், தொனி மூன்றும் ஒருங்கே உண்டு. உன் ஆயுதங்கள் மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மனையில் பளபளக்கின்றன. அவனுடையவையோ குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். புகழ்ச்சியின் குரலில் எச்சரிக்கை, எச்சரிக்கைக்குள் சமாதானத்துக்கான வாதம். நம் காலத்துக்கு வந்தால் யாழ்ப்பாணத்துக்குச் ‘சிரித்திரன்’ என்ற நகைச்சுவை இதழ் இருந்தது, சென்னைக்கு 1970-இல் தொடங்கிய ‘துக்ளக்’ இருந்தது. பட்டிமன்ற மேடையில் நையாண்டிக்குப் பேர்போன திண்டுக்கல் ஐ. லியோனி 2021-இல் தமிழ்நாடு பாடநூல் கழகத்துக்கே தலைவரானார்.

இவ்வளவு இருந்தும், ஆங்கில ஆசிரியர் முரண்நகை பற்றிய பாடத்தில் ஔவையை அழைப்பதில்லை. தமிழ் ஆசிரியரின் எல்லைக்குள் கால் வைக்கக்கூடாது என்ற எழுதாத விதி இரு நாட்டு ஆசிரியர் அறைகளிலும் செல்லுபடியாகிறது. தமிழில் ஏற்கெனவே இருக்கும் காதை ஆங்கிலத்துக்குத் திறந்துவிடாமல், புதிதாக ஒரு வரைவிலக்கணத்தைப் புகட்டுகிறார்கள்.

தொனியைக் காதால்தான் பிடிக்க முடியும். அதற்கு வாசித்துக் காட்ட வேண்டும். சி.பி.எஸ்.இ.யில் பேசுதல் – கேட்டல் மதிப்பீடு உள்மதிப்பீட்டின் பகுதியாக இருக்கிறது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தின் நூறு மதிப்பெண்ணும் எழுத்துக்கே. இலங்கையிலும் சாதாரண தரத்தில் ஆங்கிலம் எழுத்துத் தாள்தான். வாய்விட்டு வாசிக்காத வகுப்பில் தர்பரின் குரல் யாருக்கும் கேட்கப்போவதில்லை.

ஒப்பிட்டுப் பார்த்தால் தீர்ப்பு இதுதான். நூல் தேர்வில் இலங்கை முன்னால் நிற்கிறது. சொந்த மண்ணின் காயத்தைப் பேசும் கவிதையையும் உரையையும் பிள்ளைகளின் கையில் கொடுக்கத் துணிந்திருக்கிறது. சமத்துவத்தில் தமிழகம் முன்னால் நிற்கிறது. நல்ல கதை என்றால் எல்லாருக்கும் அதே கதை. இலங்கையில் பாடத்திட்டம் வகுக்கும் மகரகம தேசிய கல்வி நிறுவகம் சாகியையும் சங்கக்காரவையும் விருப்பப் பாடத்திலேயே அடைத்து வைக்காமல், ஒரு சில பக்கங்களையாவது தரம் 8, 9-இன் கட்டாயப் பாடநூலுக்குள் கொண்டுவர வேண்டும். தமிழ்நாட்டில் மாற வேண்டியது பாடமில்லை, வினாத்தாள். எட்டாம் வகுப்புப் பருவத் தேர்வில் ஒரே ஒரு வினாவை மாற்றினாலே போதும்: இந்தப் பாத்திரம் சொல்வதை உண்மையாகவே நினைத்துச் சொல்கிறதா, எதை வைத்து அப்படி முடிவு செய்கிறாய்? இரண்டு சான்று காட்டும் எந்த விடைக்கும் முழு மதிப்பெண் கொடுக்கட்டும். கைடில் இதற்கு விடை இருக்காது. அடுத்த வினாத்தாளைத் தயாரிக்கும் ஆசிரியர்கள் இதைச் செய்ய அரசாணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.